வீடு கட்டுற இடத்துல புளியமரம் நிக்குது. வெட்டலாமா, விடலாமா?

கிழக்குவாசல் | சனி, காலை 8.40

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம். பாகப்பிரிவினையில அம்மாவுக்கு வந்த 22 சென்ட் இடத்துல வர்ற தை மாசம் வீட்டு வேலையை ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். இடத்தோட தென்மேற்கு மூலையில ஒரு புளியமரம். நானும் தம்பியும் ரெண்டு பக்கமும் நின்னு கட்டிப் பிடிச்சாலும் கை எட்டாது. அம்மாச்சிக்கு எண்பது தாண்டியாச்சு. அவங்க வாக்கப்பட்டு வந்தப்பவே அது பெரிய மரம்தானாம்.

வாஸ்து பார்க்க வந்தவர் மரத்தைக் கண்டதும் வரப்புலயே நின்னுட்டார். ‘மனைக்குள்ள புளி ஆகாது, எடுத்துட்டு வேலையை ஆரம்பிங்க’ன்னுட்டார். மாமா அதையே கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாப்பது வருசத்துக்கு முன்னாடி, இந்த ஊருக்கு மருமகளா வந்த ஒரு பொண்ணு அந்த மரத்தடியிலதான் உயிரை விட்டுச்சாம். அதுலேர்ந்து உச்சிப் பொழுதுலயும் விளக்கு வச்ச பிறகும் அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. சின்ன வயசுல தங்கச்சி மல்லிகைப்பூ வச்சுக்கிட்டு அந்த வழியா வந்தா அம்மா அடிக்க வருவாங்க. கறிச்சோறு குடுத்து விடும்போது தூக்குவாளி மேல ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் வச்சுத்தான் அனுப்புவாங்க.

மர வியாபாரி விலை பேசிட்டுப் போயிட்டார். கறிக்கடைக்கு அடிக்கட்டை போடப் புளிதான் வேணுமாம். அடுத்த திங்கக்கிழமை ரம்பத்தோட வர்றேன்னார். எனக்கு மனசு ஒப்பல. ஆனா ‘நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு’ன்னு மாமா கேக்குறப்ப வாய் அடைச்சுப் போகுது. உங்க ஊருல மரங்களைப் பத்தி என்னென்ன சொல்றாங்க, அதுல எதை நம்பலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பச்சைத்துண்டு | சனி, காலை 9.25

தம்பி, நான் தோட்டக்கலை படிச்சுட்டு இருபது வருசமா நாற்றங்கால் வச்சிருக்கேன். பேயைப் பத்தி எனக்குத் தெரியாது, மரத்தைப் பத்திச் சொல்றேன்.

புளி இந்த மண்ணுல பிறந்த மரம் இல்ல, ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தது. வந்து எத்தனையோ நூற்றாண்டு ஆனதால நம்ம குழம்புக்கே அடித்தளமாயிடுச்சு. நல்ல மண்ணுல நூறு, நூத்தம்பது வருசம் சாதாரணமா நிக்கும். அடியில புல்லு கூட சரியா வளராததுக்குக் காரணம் அடர்ந்த நிழலும், உதிர்ற சருகோட புளிப்பும். வெறுமையாக் கிடக்குற அந்தத் தரையைப் பார்த்துத்தான் ‘இங்க எதுவும் உருப்படாது’ங்குற பேச்சு வந்திருக்கும்னு நினைக்கிறேன்.

வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. வேர் பலமானது, கிளை விரிஞ்சு பரவும். கிளை நுனி தரையில எங்க நிழல் போடுதோ அந்த வட்டத்துக்கு உள்ள அஸ்திவாரம் தோண்டாதீங்க. அதுக்கு வெளிய தாராளமா கட்டலாம். 22 சென்ட்டுல அதுக்கு இடம் இருக்குமே?

உச்சிவெயில் | சனி, காலை 10.10

அதோட அறிவியலையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணே. ராத்திரியில மரமெல்லாம் கரியமிலவாயுவை வெளிவிடும். புளி நிறைய விடும். அதனாலதான் அடியில படுத்தவங்களுக்கு மூச்சு முட்டி, பேய் அமுக்குறதா நினைச்சுக்கிட்டாங்க. அரசமரம் மட்டும் ராத்திரியும் ஆக்சிஜன் விடும், அதனால அதைச் சுத்தி வரச் சொன்னாங்க. முன்னோர் எதையும் காரணமில்லாமச் சொல்லல.

பச்சைத்துண்டு | சனி, காலை 10.50

சகோ, கோவிச்சுக்காதீங்க. இது எல்லா வாட்ஸ்அப் குழுவுலயும் சுத்துது, ஆனா ரெண்டுமே சரியில்ல. ராத்திரியில எல்லா மரமும் நம்மளை மாதிரியே மூச்சு விடும், புளியும் அரசும் இதுல ஒண்ணுதான். ஆக்சிஜன் உண்டாக்க வெளிச்சம் வேணும். வெளிச்சம் இல்லாத ராத்திரியில அரசமரம் எதை வச்சு அதைச் செய்யும்? ஜன்னலைச் சாத்தின அறையில நாலு பேர் படுத்தா சேருற கரியமிலவாயு, காத்து வீசுற வெட்டவெளியில ஒரு மரத்தடியில சேராது.

அமுக்குறது நிஜம், அதை நானும் அனுபவிச்சிருக்கேன். அது கனவு காணுற தூக்கத்துல நடக்குறது. அந்த நேரத்துல உடம்போட தசையெல்லாம் கட்டுண்டு கிடக்கும். உடம்பு விடுபடுறதுக்கு முன்னாடி புத்தி மட்டும் முழிச்சுக்கிட்டா கை கால் அசையாது, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்தா அதிகம் வரும். நாலாவது மாடியில ஏசி அறையில படுத்தவனுக்கும் வருது, அங்க எந்தப் புளியமரம் இருக்கு?

பாட்டி சொன்ன கதையை மதிக்கிறேன். அதுக்கு நாமளா ஒரு அறிவியல் சாயம் பூசினா, சாயம் வெளுக்கும்போது பாட்டியும் பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதுதான் எனக்கு வருத்தம்.

காவிரிக்கரையாள் | சனி, மதியம் 12.30

பேய் வேண்டாம், காரணம் மட்டும் போதும்னா முருங்கையை எடுத்துக்கோங்க. ‘வாசல்ல முருங்கை வைக்காதே, வேதாளம் ஏறும்’னு எங்க திருச்சிப் பக்கம் சொல்லுவாங்க. எங்க சித்தி வீட்டுல வச்சாங்க. மழைக்காலத்துல அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி, பட்டை தெரியாத அளவுக்கு. சித்தி மகன் காய் பறிக்க ஏறினான். கை தடிமன் கிளை, வெள்ளரிக்காய் ஒடியற மாதிரி ‘மடக்’னு சத்தம், அவ்வளவுதான். முழங்கைக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சது. ‘முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும்’னு பழமொழியே இருக்கே. ஒடிச்சுத் தாழ வச்சா யாரும் ஏற வேண்டியதில்ல. வாசல்ல வேண்டாம், கொல்லையில வைங்கன்னு சொல்ல வேண்டியதை வேதாளத்தை வச்சுச் சொன்னாங்க.

நாஞ்சில்மழை | சனி, பிற்பகல் 3.15

எங்க நாகர்கோவில் பக்கம் புளியை விட ஏழிலைப்பாலைக்குத்தான் பயம் அதிகம். ஒரு கணுவுல ஏழு இலை வட்டமா நிக்கும். ஐப்பசி கார்த்திகையில பூக்கும். பகல்ல தெரியாது, ராத்திரியில அந்த வாசனை தெருவையே தூக்கும். எங்க பாட்டி ஜன்னலைச் சாத்திட்டு, ‘யட்சி குளிச்சு முடிஞ்சு தலை ஆத்துறா, வெளிய போவாதே மக்கா’ன்னு சொல்லுவா. ஒத்தையில போற ஆம்பளகிட்ட வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேப்பாளாம். குடுத்தவன் மறுநாள் இல்லையாம். மந்திரவாதி வந்து அவளைப் பாலை மரத்துல ஆணி அடிச்சு இறக்குவாராம். கள்ளியங்காட்டு நீலி கதையும் எங்க ஊருக்குப் பக்கத்துலதான்.

இதுல என்னைக் கட்டிப் போட்ட விஷயம் ஒண்ணு உண்டு. அந்த மரத்துல செஞ்ச பலகையிலதான் அந்தக் காலத்துல பிள்ளைங்க எழுதிப் படிச்சாங்க. மரத்தோட தாவரவியல் பேருலயே ‘ஸ்காலாரிஸ்’னு வருது, படிக்கிறவங்களோடதுன்னு அர்த்தம். யட்சி இருந்த மரத்துலேர்ந்துதான் எங்க ஊருக்கு அரிச்சுவடி வந்திருக்கு.

வால்பாறைவழி | சனி, மாலை 6.05

கிழக்குவாசல் தம்பி, உங்க பதிவுல எனக்கு முள்ளா குத்தினது அந்த மருமகப் பொண்ணுதான். மரத்தைப் பத்தி இத்தனை பேசுறோம், அவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே.

நான் பொள்ளாச்சிக்காரி. எங்க ஆனைமலையில மாசாணியம்மன் படுத்த கோலத்துல இருக்கா. கதை தெரிஞ்சிருக்கும். நன்னன்னு ஒரு சிற்றரசன், அவனுக்குக் காவல்மரம் ஒரு மாமரம். குளிக்கப் போன ஒரு பொண்ணு, ஆத்துத் தண்ணியில மிதந்து வந்த அதோட பச்சைக் காயை எடுத்துத் தின்னுட்டா. அந்த ஒரு காய்க்குக் கொலைத் தண்டனை. எண்பத்தோரு யானையும், அவ எடைக்கு எடை பொன்னுல செஞ்ச பாவையும் தர்றோம்னு வீட்டாள் கெஞ்சியும் அவன் கேக்கல. நான் கற்பனையாச் சொல்லல, குறுந்தொகை 292ஆம் பாட்டுல பரணர் இதைச் சொல்லி அவனைப் ‘பெண்கொலை புரிந்த நன்னன்’னே திட்டியிருக்காரு. பின்னால கோசர்ங்குற வீரர் கூட்டம் அந்த மாமரத்தை வெட்டிச் சாய்ச்சாங்க. அந்தப் பொண்ணுதான் மாசாணின்னு எங்க ஊரு நம்புது. இன்னைக்கும் நியாயம் கிடைக்காத பொம்பளைங்க வந்து, மிளகா அரைச்சு நீதிக்கல்லுல பூசிட்டுப் போறாங்க. எங்க அம்மா ஒரு தடவை அரைச்சதைப் பார்த்திருக்கேன். விரல் எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல, கண்ணுல தண்ணி மட்டும் நிக்காம வந்துச்சு.

உங்க ஊருல அந்தப் பொண்ணு ஏன் செத்துச்சுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?

திருவாலங்காட்டான் | சனி, இரவு 8.20

அக்கா சொன்னதோடு எங்கள் ஊர்க் கதையும் சேரும். பழையனூர் நீலி. கணவன் கையால் செத்தவள், மறு பிறவியில் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வந்தாள். ‘இவள் உன் மனைவிதான், உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர், அவன் அவள் கையால் செத்ததும் தீயில் இறங்கினார்கள். இன்றைக்கு நாம் ‘நீலிக்கண்ணீர்’ என்றால் பொய்யழுகை. முதலில் கொலையுண்டவள் அவள் என்பதை அந்தச் சொல்லிலிருந்து எப்படியோ வழித்து எடுத்துவிட்டார்கள்.

உச்சிவெயில் | சனி, இரவு 9.00

பச்சைத்துண்டு அண்ணே, வாயு விஷயம் நான் விசாரிக்காமப் போட்டது. திருத்தினதுக்கு நன்றி. ஆனா ஒண்ணு சொல்லணும். கிழக்குவாசலோட மாமாவை யாரும் லேசா நினைச்சுடாதீங்க. எங்க அப்பா இப்படித்தான் ஒருத்தர் சொன்னதைக் கேக்காம வீடு கட்டினார். அடுத்த ஆறு மாசத்துல வீட்டுல சாவு. மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எனக்கு இப்பத் தெரியும். ஆனா அம்மா சாகுற வரைக்கும் அப்பாவை மன்னிக்கல. கூட வாழுறவங்க பயத்தோட வாழணும்னா அந்த வீட்டுல நிம்மதி ஏது? மரத்தை வைக்கிறதா இருந்தா வீட்டாளுங்க மனசை முதல்ல கரைக்கணும்.

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7.30

மாமா மனசைக் கரைக்க என்கிட்ட மருந்து இருக்கு. அவங்களை ஒரு தடவை ஆழ்வார்திருநகரிக்குக் கூட்டிட்டு வாங்க. தாமிரபரணிக் கரை, கோயிலுக்குள்ள புளியமரம். அதோட பொந்துலதான் நம்மாழ்வார் பதினாறு வருசம் வாய் திறக்காம யோகத்துல இருந்தார்னு ஐதீகம். ஆதிசேஷனே மரமா வந்து நிக்கிறதா சொல்லி வலம் வர்றாங்க. பேய் குடியிருக்குற சாதின்னு நீங்க சொல்ற அதே புளிதான்.

சாதாரணப் புளியில பொழுது சாய்ஞ்சா இலை ரெண்டு பக்கமும் மடங்கி ஒட்டிக்கும். எங்க ஊரு மரம் மூடாது, அதனால ‘உறங்காப்புளி’ன்னு பேரு. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துல திருக்கண்ணங்குடியிலயும் ஒரு உறங்காப்புளி கதை உண்டு. திருமங்கையாழ்வார் பொன்னைக் கொண்டு வந்து வயல்ல புதைச்சு வச்சுட்டு, ‘நான் தூங்குறேன், நீ தூங்காமப் பார்த்துக்கோ’ன்னு பக்கத்துப் புளியமரத்துக்கிட்ட ஒப்படைச்சாராம். காலையில நிலத்துக்காரன் ஏர் பூட்டிட்டு வந்ததும் மரம் இலையெல்லாம் உதிர்த்து அவரை எழுப்பிவிட்டுச்சாம். ‘உறங்காப் புளி, ஊறாக் கிணறு, காயா மகிழ், தோலா வழக்கு’ன்னு அந்த ஊருக்கு அடைமொழியே இருக்கு. ஆழ்வார் பொன்னை நம்பி விட்ட மரத்துக்கிட்ட நாம வீட்டை விடக் கூடாதா?

காங்கேயத்துமண் | ஞாயிறு, காலை 11.40

பதிவுல உங்க ஊர்க் கதையும் சொல்லுங்கன்னு கேட்டதால ஒண்ணு சொல்றேனுங்க. எங்க பக்கம் மாடு கன்னு போட்டா விழுற இளங்கொடியைப் புதைக்க மாட்டோமுங்க. ஆலமரத்துல கொண்டு போயிக் கட்டுவோம். ஆல் பால்மரம், அதுல தொங்கினா மாட்டுக்கும் பால் நல்லா ஊறும்னு நம்பிக்கை.

எனக்குப் பத்து வயசு இருக்கையில அப்புச்சி கூட ராத்திரி போனேன். கொடி சுடச்சுட இருந்துச்சு. வைக்கோலை உதறி விரிச்சு, அதுக்கு நடுவால வச்சு உருட்டி, வைக்கோல் பிரியாலயே மூணு சுத்துச் சுத்துனாரு. வழியில யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னுட்டாரு. அந்த ஆலமரத்துல ஏற்கெனவே இருபது முப்பது மூட்டை தொங்குச்சு, பழசெல்லாம் சுருங்கிக் கறுத்துப் போயி. நாத்தம் சொல்ல முடியாதுங்க. கீழ ரெண்டு நாய் மேல பார்த்துட்டே உக்காந்திருந்துச்சு. இப்ப நினைச்சா நாய்தான் காரணம்னு தோணுது. நாய் இழுத்துட்டுப் போகாம, மாடும் அதைத் தின்னுராம இருக்க உசரத்துல கட்டுனாங்க. இப்ப வைக்கோலுக்குப் பதிலா யூரியா சாக்குல கட்டுறாங்க, அது மக்குறதே இல்ல. அந்த ஆலமரத்தை வெட்டணும்னு எங்க ஊருல இதுவரைக்கும் ஒருத்தரும் வாயெடுத்ததில்லீங்க.

மலைச்சரிவு | ஞாயிறு, பிற்பகல் 2.00

‘எதை நம்பலாம்’னு கேட்டீங்களே. வேலை நிமித்தமா நாலு வருசம் மிசோரம் ஐஸ்வால்ல இருந்தேன். மூங்கில் பூத்தா பஞ்சம் வரும்னு நம்ம ஊருலயும் சொல்லுவாங்க, அங்க அதுதான் சரித்திரமே. சுமார் 48 வருசத்துக்கு ஒரு தடவை மலை முழுக்க ஒரே சமயத்துல மூங்கில் பூக்கும். அதுக்கு ‘மாவ்தாம்’னு பேரு. பூத்து, காய்ச்சு, மரம் செத்துப் போகும். காயைத் தின்னு எலி பெருகும். காய் தீர்ந்ததும் அத்தனை எலியும் நெல்லுக்கு இறங்கும்.

1959ல பூக்கப் போகுதுன்னு கணக்குப் போட்டு, முன்கூட்டியே நிவாரணம் கேட்டாங்க. அப்போ அந்தப் பகுதி அசாம்ல இருந்துச்சு. மலைவாசிங்க மூடநம்பிக்கைன்னு அரசாங்கம் தள்ளிவிட்டுச்சு. சொன்ன மாதிரியே பஞ்சம் வந்துச்சு. பஞ்ச நிவாரணத்துக்குன்னு தொடங்கின சங்கம் அரசியல் இயக்கமாகி, 1966ல ஆயுதக் கிளர்ச்சி, 1986லதான் ஒப்பந்தம். அடுத்து 2007ஐ ஒட்டிப் பூத்தப்ப அரசாங்கமே எலி வாலுக்குக் காசு குடுத்து வாங்குச்சு. அதனால பெரியவங்க சொல்றதை எடுத்ததுமே தூக்கிப் போடாதீங்க, அதுக்குள்ள யாரோ பார்த்த ஒரு விஷயம் இருக்கான்னு தோண்டிப் பாருங்க. புளியமரப் பேயையும் அப்படித் தோண்டலாம். பொள்ளாச்சி அக்கா கேட்ட கேள்விதான் அதுக்கு மண்வெட்டி.

கல்லுப்பட்டிமேடு | ஞாயிறு, மாலை 5.10

மேலூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா. உங்க பக்கத்துல அரிட்டாபட்டிதான் 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் மரபுத்தலமா அறிவிக்கப்பட்டது. 2025ல திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு ரெண்டாவது. அஞ்சு ஹெக்டேர் கூட இல்லாத காடு. அதை இத்தனை காலம் காப்பாத்தினது வேலியும் காவலரும் இல்ல. கோயில்காட்டுல ஒரு சுள்ளி ஒடிச்சாலும் சாமி கேக்கும்ங்குற பயம்தான். ரோட்டோரப் புளிக்கு அந்தச் சாமி இல்ல. வெள்ளையடிச்சு, நம்பர் போட்டு, வருசா வருசம் பழத்தை ஏலம் விட்டாங்க. நாலுவழிச்சாலை வந்ததும் அந்த நம்பரை வச்சே எண்ணி எண்ணிச் சாய்ச்சாங்க. எங்க ஊரு விலக்குல நிழலுக்கு நின்ன பதினேழு மரமும் ஒரே வாரத்துல போச்சு. பஸ்ஸுக்கு நிக்கிற கிழவிங்க இப்ப மைல்கல் நிழல்ல உக்காருறாங்க.

கிழக்குவாசல் | ஞாயிறு, இரவு 10.45

எல்லாருக்கும் நன்றி. வால்பாறைவழி அக்கா, நீங்க கேட்டதை அம்மாச்சிகிட்ட கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் முந்தானையை வாய்ல வச்சுக்கிட்டு அழுதாங்க. இந்த வீட்டுல யாரும் இதை அவங்ககிட்ட இத்தனை வருசமா கேட்டதே இல்லையாம்.

அந்தப் பொண்ணுக்கும் எங்க அம்மாச்சிக்கும் ரொம்பச் சினேகம். பங்குனியில புளி உலுக்கினா ரெண்டு பேரும் அந்த மரத்தடியிலயே உக்காந்து ஓடு தட்டி, நார் உரிச்சு, கொட்டை எடுப்பாங்களாம். கொட்டை எடுக்குற அருவாமணையில யாரு கை வேகம்னு போட்டி. அந்தப் பொண்ணு எப்பவும் ஒரு உருண்டை புளியில உப்பு வச்சு முந்தானையில முடிஞ்சுக்கும், புருசன் வீட்டுல சோறு கிடைக்காத நாள்ல வாய்ல போட்டுக்க. கடைசியில நாலு நாள் காய்ச்சலோட வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. போக்கிடம் இல்லாம அந்த மரத்தடிக்கு வந்துதான் படுத்துருக்கு. விடிஞ்சு பார்த்தப்ப உயிர் இல்ல. பேய்னு முதல்ல கிளப்பிவிட்டது யாருன்னு கேட்டேன். ‘யாரு கதவைச் சாத்துனாகளோ அவுகதான். மரத்தடிக்கு யாரும் போகாட்டா, யாரும் எதுவும் பேச மாட்டாகள்ல’ன்னாங்க.

பேரு சொன்னாங்க. இங்க எழுத வேண்டாம்னு தோணுது.

வால்பாறைவழி | ஞாயிறு, இரவு 11.10

படிச்சுட்டு என்ன எழுதுறதுன்னே தெரியல தம்பி. அம்மாச்சியைப் பத்திரமாப் பார்த்துக்கோங்க.

கிழக்குவாசல் | அடுத்த சனி, மாலை 6.30

நடந்ததைச் சொல்லிடுறேன். அம்மாச்சி சொன்னதை மாமாவையும் உக்கார வச்சுக் கேக்க வச்சேன். பயம் முழுசாப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ‘அந்தப் புள்ள அங்கயே இருக்கட்டும், அதுக்கு ஒரு விளக்கு வைங்க’ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அது போதும். மர வியாபாரிக்கு முன்பணத்தைத் திருப்பிக் குடுத்தாச்சு.

பச்சைத்துண்டு அண்ணே சொன்ன மாதிரி மத்தியானம் நிழல் விழுந்த விளிம்பு நெடுகச் சுண்ணாம்பு போட்டோம். கொத்தனார் வீட்டை வடக்கே 25 அடி தள்ளிப் போட்டுத் தந்தார். கிணத்துப் பக்கம் கொஞ்சம் நெருக்கடி, பரவாயில்ல.

நேத்து வெள்ளிக்கிழமை அம்மாச்சி தானே நடந்து வந்தாங்க. உச்சிப் பொழுது. யாரும் தடுக்கல. ஒரு அகல், நாலு முழம் மல்லிகை, ஒரு உருண்டை புளி, கொஞ்சம் கல்லுப்பு. புளியில உப்பை வச்சு அமுக்கி வேர் மேல வச்சாங்க. அப்புறம் சேலையைச் சொருகிக்கிட்டு அங்கேயே கால் நீட்டி உக்காந்துட்டாங்க. என் தங்கச்சி மக பூ வச்ச தலையோட அவங்க மடியில.

அண்ணே, மேக்குப் பக்கம் ஒரு பட்ட கிளை இருக்கு, கீழ பிள்ளைங்க விளையாடும். அதை எப்ப, எப்படி எடுக்கணும்?

பச்சைத்துண்டு | சனி, இரவு 7.05

பட்ட கிளைக்குக் காலம் பார்க்க வேண்டாம், காத்து மழைக்கு முன்னாடியே எடுத்துடுங்க. முதல்ல அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேலேர்ந்து அறுக்கச் சொல்லுங்க, இல்லன்னா பட்டையோட கிழிச்சுக்கிட்டு விழும். கிளை மரத்தோட சேருற இடத்துல தடிச்ச வளையம் தெரியும், அதை வெட்டாம விடணும். பங்குனியில உலுக்கும்போது சொல்லுங்க, நான் தொரட்டியோட வர்றேன்.